கடல் முதியவரை வாசித்தல்: ஜப்பானிய மீன் எழுத்துகளும் மூளைப் பயிற்சியும்

ஜப்பானில் பழைய பாணிச் சுஷிக் கடைகளில் பச்சைத் தேநீர் தருகின்ற கோப்பைக்குக் கைபிடி இருக்காது. தடித்த மண்கோப்பை, நம் வீட்டுக் கோப்பையைவிட நன்றாகப் பெரியது. அதன் வெளிப்புறம் முழுக்க நிரைநிரையாக எழுத்துகள் இருக்கும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு மீனின் பெயர். எல்லா எழுத்துக்கும் இடப்பக்கம் ஒன்றேதான். வலப்பக்கம் மட்டும் மாறிக்கொண்டு போகும். சாப்பாடு வரும் வரை அந்தக் கோப்பையைச் சுழற்றிச் சுழற்றி, "இது என்ன மீன்? இது தெரியுமா?" என்று ஒருவரையொருவர் கேட்பது அங்கே ஒரு வழக்கம்.

இந்த விளையாட்டு இன்று கடையோடு நிற்பதில்லை. தொலைக்காட்சி வினாவிடைகளில் வருகிறது. வயதானவர்களுக்கென்று அச்சாகும் பயிற்சிப் புத்தகங்களில் 'வாசிக்கக் கடினமான எழுத்துகள்' என்ற பகுதியில் மீன்களுக்குத் தனியிடம் உண்டு. "மூளைக்குப் பயிற்சி" என்ற வாசகமும் கூடவே வரும்.

நான் 1990களின் கடைசியில் நகோயா நகரில் சில ஆண்டுகள் படித்தவன். ஊருக்குத் திரும்பிய பிறகு, இந்த மீன் எழுத்துகளைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார்: "இதுகளப் படிச்சா மறதி வராதாமே, உண்மையா?" கேட்பவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சிலர் மறதி நோயில் விழுந்த தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு வேடிக்கையாகப் பதில் சொல்லிவிட முடியாது. ஆகவே இந்த எழுத்துகள் எப்படி இயங்குகின்றன, மூளைக்கு அவை என்ன செய்கின்றன, என்ன செய்வதில்லை என்பதை இங்கே ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஏன் வாசிக்க முடிவதில்லை?

சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன சொல்லெழுத்துகளுக்குக் கன்ஜி என்று பெயர். நோன்புக் கஞ்சி நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. ஆனால் இது வேறு. கன்ஜி தவிர, நம் எழுத்தைப் போல் ஒலியைக் குறிக்கும் ஹிரகானா, கதகானா என்ற இரண்டு வரிசைகளும் அங்கே உண்டு. மூன்றையும் கலந்துதான் ஒரு வசனத்தை எழுதுவார்கள்.

தமிழில் ஒரு மீனின் பெயரை எழுதிக் கொடுத்தால், அந்த மீனைக் கண்ணால் காணாத பிள்ளையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். கன்ஜியில் அது நடக்காது. எழுத்தைப் பார்த்தால் அது மீன் வகை என்பது தெரியும். பெயர் தெரியாது. வாசித்தால் தெரியும் என்பது நம் எழுத்து. தெரிந்தால்தான் வாசிக்கலாம் என்பது அவர்கள் எழுத்து.

பாடசாலையும் இதற்கு உதவுவதில்லை. ஜப்பானில் ஆரம்பப் பாடசாலையின் ஆறு ஆண்டுகளில் பிள்ளைகள் 1,026 கன்ஜி எழுத்துகளைப் படிக்கிறார்கள். அன்றாடப் புழக்கத்துக்கென அரசு வெளியிட்ட பட்டியலில், 2010 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2,136 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் இடப்பக்கமோ முழு உருவோ மீனாக அமைந்தவை மூன்றே மூன்று. ஒன்று 'மீன்' என்ற எழுத்து. மற்றது 'புத்தம் புதியது' என்ற பொருளுடையது. மூன்றாவது திமிங்கிலம். திமிங்கிலம் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி, மீனே அல்ல. ஆக, கடல் சூழ்ந்த நாட்டின் பாடத்திட்டத்தில் உண்மையான மீனினம் ஒன்றுக்குக்கூட எழுத்து இல்லை! (திமிங்கிலத்தை மீனோடு சேர்த்தது சீனர் மட்டுமல்ல. யூனுஸ் நபியின் வரலாற்றில் வரும் 'ஹூத்' என்ற அரபுச் சொல்லும் பெரிய மீனுக்கும் திமிங்கிலத்துக்கும் பொதுவானது.)

பத்திரிகைகளும் விலங்கியல் நூல்களும் மீன் பெயர்களைப் பெரும்பாலும் ஒலியெழுத்தில் எழுதிவிடுகின்றன. எனவே மீன் கன்ஜி கோப்பையிலும் கடைப் பலகையிலும் உணவு அட்டையிலும் உயிர் வாழ்கிறது. அதைப் படித்தவர் தன் விருப்பத்தால் படித்தவர். கியோத்தோவைத் தலைமையிடமாகக் கொண்ட கன்ஜித் தகைமைப் பரீட்சை 1975 முதல் நடக்கிறது. அதன் உச்சத் தரமான முதலாம் தரத்துக்குச் சுமார் 6,000 எழுத்துகள் தெரிய வேண்டும். மீன் எழுத்துகளில் பெரும்பகுதி அங்கேதான் வருகிறது.

வலப்பக்கம் சொல்லும் கதை

கடினம் என்று சொன்னேனே தவிர, குருட்டு மனனம் என்று சொல்லவில்லை. இடப்பக்கம் மீன் என்றால் வலப்பக்கம் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டால் எழுத்து தானாக மனதில் ஒட்டிவிடும்.

மீனும் 'பலவீனம்' என்ற எழுத்தும் சேர்ந்தால் இவாஷி, அதாவது மத்தி, நம் சூடை சாளை வகை. வலையிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் செத்துக் கெட்டுப்போகும் மீன் என்பதால் இந்த எழுத்து. 'யொவாஷி' என்றால் பலவீனமானது. அதிலிருந்துதான் இவாஷி என்ற பெயரே வந்தது என்றும் சொல்வார்கள். இந்த எழுத்து சீனாவில் பிறந்ததல்ல, ஜப்பானியர் தாங்களாகவே உண்டாக்கியது. நாரா நகரில் கிடைத்த 8 ஆம் நூற்றாண்டு மரச்சீட்டுகளில் அது காணப்படுகிறது.

மீனும் பனியும் சேர்ந்தால் தரா. குளிர்ந்த வடகடலில் பனிக்காலத்தில் பிடிபடும், வெள்ளை வெளேரென்ற சதையுடைய கொட் மீன். இதுவும் ஜப்பானியர் செய்த எழுத்து. பிற்காலத்தில் சீனர் இதைத் திரும்ப இரவல் வாங்கித் தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். கொடுத்தவன் வீட்டுக்கே கடன் திரும்பிப் போன கதை இது.

மீனும் வசந்தகாலமும் சேர்ந்தால் சவாரா. செட்டோ உள்நாட்டுக் கடலுக்குள் முட்டையிட வசந்தத்தில் கூட்டமாக வரும் மீன். நம் அறுக்குளாவும் இந்தச் சவாராவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இலையுதிர்காலத்தோடும் குளிர்காலத்தோடும் சேர்ந்த மீன் எழுத்துகளும் உண்டு. கோடைக்கு மட்டும் பொதுப் புழக்கத்தில் எழுத்தில்லை.

மீனும் 'கடினமானது' என்ற எழுத்தும் சேர்ந்தால் கட்சுஓ. இது நமக்கு நன்றாகத் தெரிந்த சூரை. சூரை என்ன கடினமான மீனா? காய்ந்தால் கடினம். ஜப்பானியர் சூரையை அவித்து, புகை போட்டு, காயவைத்து, மரக்கட்டையைப் போல் ஆக்கிச் சீவிச் சீவி ரசத்துக்குப் போடுகிறார்கள். நம் அடுப்படியில் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அதே மீன்தான். அதே அவித்தல், அதே புகை, அதே காய்ச்சல். மாலைதீவிலிருந்து நமக்கு வந்த மாசியின் ஒன்றுவிட்ட சகோதரன் அது. 'கட்டியான மீன்' என்ற பொருளில் 'கத்தஉஒ' என்று சொல்லி அது கட்சுஓ ஆனது என்பது பொதுவாகத் தரும் விளக்கம். விஞ்ஞானிகள் சூரையின் பேரினத்துக்கு வைத்திருக்கும் பெயரான கட்சுவோனஸ் என்பதும் இந்த ஜப்பானியச் சொல்லிலிருந்து எடுத்ததுதான்.

எல்லாவற்றுக்கும் இப்படிப் பொருள் பார்க்கவும் கூடாது. மீனும் 'மகிழ்ச்சி'யும் சேர்ந்தால் கிஸு. நம் கரைகளில் கிழக்கன் என்கிற மெல்லிய மீனின் இனம். அது மகிழ்ச்சியான மீன் என்பதல்ல காரணம். மகிழ்ச்சி என்ற எழுத்துக்கு 'கி' என்ற ஒலி உண்டு. பெயரின் முதல் அசையைக் காட்ட அதை வைத்தார்கள். சில எழுத்தில் வலப்பக்கம் பொருள் சொல்லும், சில எழுத்தில் ஒலி சொல்லும். எது எங்கே என்பதுதான் புதிர்.

சில விளக்கங்கள் பின்னால் கட்டிய கதைகள். மீனும் 'அல்ல' என்ற எழுத்தும் சேர்ந்தால் நிஷின் என்ற வடகடல் மீன். வடக்கே மட்சுமாயே சிற்றரசில் நெல் விளையாது, நெல்லுக்குப் பதிலாக நிஷினே வரியாகவும் வருமானமாகவும் நின்றது, ஆகவே 'இது மீனல்ல, நெல்' என்று எழுதினார்கள் என்பார்கள். அழகான கதை. எழுத்து அதற்கு முன்பே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். ஆனால் நினைவில் நிறுத்த அந்தக் கதை நன்றாக உதவும்.

இடம் மாறிய பெயர்கள்

இரவல் எழுத்து இன்னொரு மொழிக்குப் போகும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஆயு என்ற ஆற்றுமீன் நல்ல உதாரணம். அதன் எழுத்து மீனும் 'குறி பார்த்தல்' என்பதும் சேர்ந்தது. ஜிங்கூ என்ற அரசி போருக்குப் போகுமுன் ஆற்றில் தூண்டில் போட்டுக் குறி பார்த்தார், அகப்பட்டது ஆயு என்று பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷொக்கியில் ஒரு கதை இருக்கிறது. ஆனால் சீனாவில் இந்த எழுத்துக்குப் பொருள் கெளிறு.

ஆயுவுக்கு அந்த எழுத்தைக் கொடுத்துவிட்டால் கெளிற்றுக்கு எழுத்து வேண்டுமே? ஜப்பானியர் புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். சீன ஒலிக்கு இணங்க 'நென்' என்று ஒலிக்கும் பாகத்தை மீனோடு சேர்த்து, நமஸு என்று வாசித்தார்கள். இந்த மாற்றத்தின் அடையாளம் கியோத்தோவின் தாய்சோஇன் ஆலயத்துக்குரிய ஓவியமொன்றில் இருக்கிறது. 1415 அளவில் ஜோசெட்சு என்ற துறவி வரைந்தது அது. சுரைக்குடுவையால் கெளிற்றை அமுக்கிப் பிடிக்கப் பார்க்கும் ஒரு மனிதன். மேலே 31 துறவிகளின் கவிதைகள். ஓவியத்தின் பெயரில் வரும் எழுத்து இன்றைய ஜப்பானியருக்கு ஆயு. படத்தில் இருப்பதோ கெளிறு. சீனப் பொருளில் எழுதிய பெயர் அப்படியே நின்றுவிட்டது.

மகுரோ என்ற பெரிய சூரைமீனின் எழுத்தும் இப்படித்தான், சீனாவில் ஸ்டர்ஜன் என்ற வேறொரு மீனைக் குறித்தது.

இந்தச் சங்கதி நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதியபோது அரபியில் இல்லாத தமிழ் ஒலிகள் குறுக்கே நின்றன. அவர்கள் தமிழை விட்டுவிடவில்லை. இருக்கின்ற அரபு எழுத்துக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். அரபுத்தமிழ் அப்படிப் பிறந்தது. ஜப்பானியரும் அதையே செய்தார்கள். சீனக் கடலில் பெயரில்லாத மீன்கள் தங்கள் வலையில் விழுந்தபோது, இரவல் எழுத்தின் துண்டுகளைக் கொண்டே புது எழுத்தைக் கட்டினார்கள். ஏறத்தாழ கி.பி. 900 அளவில் ஷோஜு என்ற துறவி தொகுத்த ஷின்சென் ஜிக்யோ அகராதியில் அவர்கள் சொந்தமாக ஆக்கிய எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இடம்பெற்றுவிட்டன. இரவல் வாங்கிய எழுத்தாக இருந்தாலும், பெயர் தன் ஊர் மீனுக்குப் பொருந்த வேண்டும் என்ற பிடிவாதம் இரு இடத்திலும் ஒன்றுதான்.

பன்றியும் மதுவும்

ஜப்பானுக்குப் போகும் முஸ்லிம் மாணவருக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லிக்கொடுக்கும் கன்ஜி 'பன்றி'. கடைக்குள் பொதிகளின் பின்புறத்தில் தேட வேண்டிய எழுத்து அது. மீனைத் தேடிப் போகிறவருக்கு அந்த எழுத்து எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கும். 'ஆறு' என்ற எழுத்தோடு 'பன்றி' சேர்ந்தால் ஃபுகு. நஞ்சுள்ள பேத்தை மீன். 'கடல்' என்ற எழுத்தோடு 'பன்றி' சேர்ந்தால் இருகா, டொல்பின். இரண்டிலும் பன்றி பெயரில்தான் இருக்கிறது, பொருளில் இல்லை. (ஃபுகுவை உரிமம் பெற்ற சமையற்காரர்தான் வெட்டலாம். அதை விட்டுவிட்டு நடந்தாலும் நட்டமில்லை.)

இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. சமன் மீனுக்கு ஜப்பானியப் பெயர் சாகே. அரிசியிலிருந்து வடிக்கும் மதுவுக்கும் சாகே என்றே பெயர். சொல்லும்போது குரலை ஏற்றி இறக்குவதில் சிறிய வித்தியாசம்; புதிதாகப் போனவர் காதில் அது விழாது. ஆனால் எழுத்தில் மயக்கமே இல்லை. ஒன்றின் இடப்பக்கம் மீன், மற்றதின் இடப்பக்கம் நீர். 'சாகே' சோற்றுருண்டை என்று கடையில் சொன்னதைக் கேட்டு வேண்டாமென்று விலகிப் போகிறவர், எழுத்தைப் பார்த்தால் நிம்மதியாக வாங்கிச் சாப்பிடலாம். எங்களுக்கு அங்கே மீன் எழுத்து மூளைப் பயிற்சியாக இருக்கவில்லை. ஹலாலான சாப்பாட்டைத் தேடிக்கொள்ளும் வழியாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, படித்தவை இன்றும் மறக்கவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரே பெயராக வாசிக்கப்படுவதும் உண்டு. ஃபுகுவும் இருகாவும் அந்த வகை. அவற்றைத் தனித்தனியே ஒலித்தால் பெயர் வராது. முழுதாகத்தான் தெரிய வேண்டும். கீழே உள்ளவற்றுக்குப் பொருளை மட்டும் தமிழில் தருகிறேன். விடையைப் பார்க்காமல், எந்தக் கடலுயிர் என்று முதலில் ஊகியுங்கள்.

1. கடல் + முதியவர்
2. கடல் + நிலா
3. கடல் + எலி
4. காகம் + கள்வன்
5. நீள்வாள் + மீன்
6. மீன் + தட்டை
7. மீன் + புலி

விடைகள்: முதலாவது எபி, இறால், கூனல் முதுகும் நீண்ட தாடியும் முதியவரைக் காட்டுகின்றன. இரண்டாவது குராகே, சொறிமுட்டை என்கிற ஜெலி மீன். மூன்றாவது நமகோ, நாம் அதைக் கடலட்டை என்கிறோம். அதே பிராணியில் அவர்கள் எலியைக் கண்டார்கள், நம்மவர்கள் அட்டையைக் கண்டார்கள். நான்காவது இகா, கணவாய். செத்ததுபோல் மிதந்து, கொத்த வரும் காகத்தைக் கைகளால் சுற்றி இழுத்துவிடும் என்ற பழைய சீனக் கதை. ஐந்தாவது தச்சிஉஒ. நாம் சாவாளை, வாளை என்பதும் இதையே; வாள் என்ற உவமை இரு மொழியிலும் ஒன்றாகவே விழுந்திருக்கிறது. ஆறாவது ஹிராமே என்ற தட்டை மீன். ஏழாவது ஷச்சி, கடலில் திமிங்கிலங்களையே வேட்டையாடும் ஓர்க்கா. நகோயாக் கோட்டையின் கூரையில் பொன்னால் நிற்கும் கற்பனைப் பிராணிக்கும் இதே எழுத்து.

விடையைப் பார்க்குமுன் ஊகித்தவர்களுக்கு இவற்றில் பல நாளைக்கும் நினைவிருக்கும். நேரே விடையை வாசித்தவர்களுக்கு அவ்வளவு இருக்காது. இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்ததை மூடிவைத்து மனதிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களே ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். நம் மத்ரஸாக்களில் பாடத்தை மூடிவைத்து ஒப்புவிக்கச் சொல்வதன் பலன் இதுதான்.

மூளைக்கு என்ன நடக்கிறது?

இனிக் கேள்விக்கு வருவோம். தொஹோகு பல்கலைக்கழகத்தின் கவாஷிமா ரியூதா பெரியவர்களுக்கான கணக்குப் பயிற்சிப் புத்தகத்தை 2003 இல் வெளியிட்டார். 2005 மே மாதம் அவருடைய பயிற்சிகளை வைத்து நின்டெண்டோ ஒரு கையடக்க விளையாட்டை விற்றது. 'மூளைப் பயிற்சி' என்ற சொல் ஜப்பானில் வீட்டுக்கு வீடு பரவியது அப்போதுதான். கவாஷிமாவின் அடிப்படை அவதானம், சத்தமாக வாசிக்கும்போதும் எளிய கணக்குச் செய்யும்போதும் மூளையின் முன்பகுதி சுறுசுறுப்பாகிறது என்பது. அது அளந்து பார்த்த விடயம். ஆனால் ஒரு பகுதி சுறுசுறுப்பாவதும், அந்த மனிதருக்கு நாளைக்கு மறதி வராமல் இருப்பதும் வேறு வேறு சங்கதிகள்.

இரண்டாவதைச் சோதித்த பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேருக்கு நினைவு, தர்க்கம், பார்வை வேகம் என்ற மூன்றில் ஒன்றில் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி எதுவும் இல்லை. 2002 இல் வெளியான முடிவு: எதில் பழகினார்களோ அதில் தேர்ந்தார்கள், மற்றதில் தேறவில்லை. 2010 இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 11,430 பேரை ஆறு வாரம் கணினிப் பயிற்சி செய்யவிட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் பழகிய விளையாட்டில் முன்னேற்றம், வேறெதிலும் இல்லை. முதலாவது ஆய்வில் பார்வை வேகப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பத்தாண்டு கழித்து மறதி நோய் சற்றுக் குறைவாக வந்ததென்று 2017 இல் ஓர் அலசல் வந்தது. அது வேகமாக மறையும் உருவங்களைத் திரையில் பிடிக்கும் பயிற்சி; எழுத்துப் புதிர் அல்ல.

ஆகவே மீன் எழுத்தைப் படித்தால் மீன் எழுத்து வரும். திறப்பை வைத்த இடம் ஞாபகம் வருமென்று நம்ப ஆதாரம் இல்லை.

அப்படியானால் வயதானவர்கள் கடினமான எழுத்தை அநாயாசமாக வாசிப்பதைப் பார்த்து, "பாருங்க, படிச்சதால மூளை எவ்வளவு கூர்மையா இருக்கு!" என்று வியப்பது ஏன் சரியாகப் படுகிறது? இதற்கான பதில் வைத்தியர்களிடம் இருக்கிறது. 1982 இல் ஹேசல் நெல்சன் என்ற ஆங்கில உளவியலாளர், எழுத்துக் கூட்டினால் சரியாக வராத 50 ஆங்கிலச் சொற்களை வைத்து ஒரு வாசிப்புச் சோதனை செய்தார். மறதி நோய் தொடங்கியவர்களும் இப்படியான சொற்களை நெடுநாள் சரியாக வாசிக்கிறார்கள். எனவே நோய்க்கு முன் அவருடைய அறிவுத்தரம் எப்படி இருந்தது என்று மதிப்பிட இது உதவும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குச் சமமான சோதனையைப் பிறகு செய்தபோது எதை எடுத்தார்கள் தெரியுமா? வாசிக்கக் கடினமான கன்ஜிச் சொற்களை! அதாவது, கடினமான எழுத்தை வாசிப்பது முன்பு சேர்த்த சொத்துக்குச் சாட்சி. இன்றைய உடல்நிலைக்குச் சாட்சி அல்ல. வாப்பா பழைய எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறார் என்பதை வைத்து, அவருக்கு நோயில்லை என்று வீட்டார் முடிவு கட்டிவிடக் கூடாது. இது முக்கியமான எச்சரிக்கை.

இன்னொரு வகை நோய் இதை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. 1943 இல் இமுரா ட்சுனெஓ என்ற ஜப்பானிய வைத்தியர் 'சொற்பொருள் இழப்பு' என்று ஒரு பேச்சுக் குறைபாட்டை விவரித்தார். இந்த நோயாளிகள் ஒலியெழுத்தைச் சரியாக வாசிப்பார்கள், சரளமாகவும் பேசுவார்கள். ஆனால் கடல்-முதியவர் என்ற இரண்டு எழுத்தையும் காட்டினால் 'எபி' என்று சொல்லாமல், ஒவ்வொன்றையும் தனியே ஒலித்து 'கைரோ' என்பது போல வாசிப்பார்கள். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, ஒலியும் தெரிகிறது. இறால் என்ற பொருள்தான் மனதிலிருந்து போய்விட்டது. பொருள் போனால் பெயரும் போய்விடும். எழுத்து வெறும் சத்தமாக மிஞ்சும். மீன் எழுத்தை வாசிப்பவர் எழுத்தை மட்டும் வாசிப்பதில்லை, தான் அறிந்த மீனையும் சேர்த்தே வாசிக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் என்ன செய்வது?

எனது உம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்று என்ன கிழமை என்பதை ஒரு காலைப்பொழுதில் நாலு தடவை கேட்பார்கள். ஆனால் மீன்காரர் வாசலுக்கு வந்தால் பெட்டிக்குள் கையை விட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்தையான், எனக்கு வேணாம்" என்று சொல்வதில் இன்னும் பிழை விடுவதில்லை. சூடையையும் கீரியையும் தொட்டே பிரித்துவிடுவார்கள். உறவினர் ஒருவர் அவருக்குப் புதிர்ப் புத்தகம் வாங்கி வந்தார். உம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவருடைய நிலையை வைத்துப் பொது விதி சொல்ல முடியாது. ஆனாலும் அறுபது வருடம் கையாலும் மூக்காலும் நாக்காலும் பழகிய அறிவு மெல்லத்தான் போகும் என்பதை நான் தினமும் காண்கிறேன்.

மறதி நோயைத் தள்ளிப்போடும் விடயங்களைப் பற்றிய மருத்துவ அறிவு புதிர்ப் புத்தகத்தைவிடச் சாதாரணமானது. 2024 இல் லான்செட் ஆணைக்குழு 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் ஏறத்தாழ 45 சதவீதமான மறதி நோயைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ இடமுண்டு என்றது. உயர் குருதியமுக்கம், சீனி வியாதி, புகைத்தல், கொழுப்பு, உடலசைவின்மை, காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, தனிமை, குறைந்த கல்வி எல்லாம் அதில் உண்டு. உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டியும் உடற்பயிற்சியையும் புகைத்தலை நிறுத்துவதையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. மூளைப் பயிற்சியை, ஆதாரம் மெலிந்தது என்ற குறிப்போடு, கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. சீனி வியாதியைக் கவனிக்காமல், காதுக்கு மெஷின் வாங்காமல், பெரியவரை ஒரு மூலையில் உட்காரவைத்துப் புதிர்ப் புத்தகத்தை மட்டும் கொடுப்பது காசை வீணாக்கும் வேலை. அதைவிட மோசமானது, நோய் வந்த பிறகு "பயிற்சி செய்யாததால்தான் வந்தது" என்று அவர்மீதே பழியைப் போடுவது.

அதற்காக மீன் எழுத்துகளைப் படிப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. சுஷிக் கடையில் அந்தக் கோப்பையைச் சுழற்றுகிறவர்கள் தனியாகச் சுழற்றுவதில்லை. பேரன் கேட்கிறான், அப்பப்பா சொல்கிறார், பக்கத்து மேசைக்காரர் திருத்துகிறார். ஒரு மீனைப் பற்றிய கதை, அது வரும் பருவம், அதைச் சமைக்கும் விதம் எல்லாம் அந்த எழுத்தோடு வெளியே வருகின்றன. பயன் அங்கேதான் இருக்கிறது.

கன்ஜி தெரியாத நமக்கும் அந்தப் பயன் கிடைக்கும். கல்பிட்டி, மன்னார், மூதூர், கல்முனை, வேருவளை என்று நம் கரையோர ஊர்களில் மீனுக்கு இருக்கின்ற பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். பல பெயர்கள் வயதானவர்களின் வாயில் மட்டுமே இருக்கின்றன. பெரியவரோடு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து, மீனின் பெயர், அது வரும் மாதம், அகப்படும் வலை, ஆக்கும் விதம் என்று நாலு நிரல் போட்டு எழுதிப் பாருங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மறுநாள் மூடிவைத்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள், அவர் திருத்தட்டும். ஒரு அப்பியாசக் கொப்பி போதும்.